மீனில்லாத தொட்டி

'வெறுமை' என்னும் சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்தை வெற்றிடம் என்றும், கைக்கு ஒன்றும் கிட்டாத காலத்தை வீண்காலம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். இது வெறும் சொல் வழக்கு மட்டுமன்று. செலவைப் பற்றிய வழக்குமாகும். எங்கே ஒன்றுமில்லையென்று முடிவு செய்கிறோமோ, அங்கே ஒரு சதமும் செலவிடலாகாது என்பது நம்முடைய அடுத்த முடிவாகிவிடுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் ஏழு மாதம் மீனின்றி நின்ற கண்ணாடித் தொட்டியொன்று இவ்விரண்டு முடிவுகளையும் மறுபடி எண்ணிப் பார்க்குமாறு என்னைத் தூண்டியது. நான் விஞ்ஞானம் கற்றவனல்லன். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் விஞ்ஞான அறைக்குள் நடப்பது தமிழாசிரியனுக்கு அயலானது என்று நான் கருதவில்லை.

தொட்டி எங்களுக்கு நன்கொடையாக வந்தது. எங்களிடம் படித்துவிட்டு இப்போது கொழும்பில் கடைகளில் வேலைபார்க்கும் பழைய மாணவர் சிலர் காசு சேர்த்து வாங்கி அனுப்பியிருந்தனர். இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். தாராளமாக 60 லீற்றர் நீர் கொள்ளும். அதனுடன் ஒரு சிறு காற்றுப் பம்பியும், பஞ்சு வைத்த வடிகட்டியும், 12 பொன்மீன்களும் வந்து சேர்ந்தன. கையளிப்பு வைபவத்தன்று காலையில் நீர் நிரப்பப்பட்டது, நண்பகலில் மீன்கள் விடப்பட்டன, மாலையில் படமெடுத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் தொட்டியில் ஒரு மீனும் உயிருடன் இல்லை.

ஏன் இறந்தன என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கூறினார்கள். குளிர் என்றார் ஒருவர். கண்பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். உணவைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள்மீது பழி சுமத்தியவரும் உண்டு. எங்கள் விஞ்ஞான ஆசிரியை மட்டும் வேறொன்று சொன்னார். மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவேயாகும். மீன் தன் செவுள்களின் வழியாக அமோனியாவை ஓயாது வெளியேற்றுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அந்த நஞ்சை அவ்வப்போதே தின்று தீர்ப்பதற்கு நுண்ணுயிர்கள் இருக்கின்றன. காலையில் நிரப்பிய தொட்டியில் அவை இல்லை. பளிங்குபோலத் தெளிந்திருந்த அந்த நீர் உண்மையில் ஆயத்தமாகாத நீர்.

இவ்வுண்மையை மனிதகுலம் கண்டறிந்த வரலாறு சுவையானது. அமோனியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறுவதை உழவர்களும் வெடியுப்புக் காய்ச்சியவர்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். ஆயினும் அது வெறும் இரசாயன மாற்றம் என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். 1877இல் பிரான்சு நாட்டவரான ஷ்லோசிங், மியூன்ஸ் என்னும் இருவர் மணல் நிரப்பிய நீண்ட குழாயொன்றின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டனர். முதலிற் பல நாள் எந்த மாற்றமும் தோன்றவில்லை. பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்றுத் தோன்றலாயிற்று. குழாய்க்குள் குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. குளோரபோம் கல்லையும் மணலையும் மயக்குவதில்லை, உயிரையே மயக்கும். ஆகவே மணலுக்குள் உயிர் இருந்திருக்க வேண்டும். பிறகு சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் வேலை மீண்டும் தொடங்கியது. பாலுக்கு உறை ஊற்றும் தாய்மார்களுக்கு இதை விளக்கிக்கூற வேண்டியதில்லை.

அந்த உயிரைத் தனியே பிரித்தெடுப்பது எளிதாயில்லை. அக்காலத்துப் பற்றீரியா ஆராய்ச்சியாளர் எல்லாரும் ஊன்பசையும் இறைச்சிச் சாறும் இட்டுத்தான் நுண்ணுயிர்களை வளர்த்தார்கள். இவையோ அந்த விருந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கியேவ் நகரிற் பிறந்து சூரிச்சில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890இல் அப்புதிரை அவிழ்த்தார். விருந்தை அகற்றிவிட்டு, அமோனியா உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த நீரை மட்டும் வைத்தார், அவை வளர்ந்தன. பிற உயிரின் உடலை உண்ணாமல், சூரிய ஒளியையும் நம்பாமல், அமோனியாவை எரித்துப் பெறும் ஆற்றலைக் கொண்டு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக்கும். அதுவும் மீனுக்கு நஞ்சே. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். அது பெரும்பாலும் தீங்கற்றது, செடிகளுக்கு உணவு.

மீன்தொட்டிகள் இந்த ஆராய்ச்சியில் பெற்றுள்ள இடமும் சிறிதன்று. கடலில் அமோனியாவை எரிக்கும், பற்றீரியா அல்லாத வேறோர் இன நுண்ணுயிர் 2005இல் முதன்முறையாகத் தனியே வளர்க்கப்பட்டது; அது கிடைத்தது அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மீன்காட்சிச்சாலையில், ஒரு தொட்டியின் கற்களுக்கிடையே. இரண்டு படிகளையும் ஒரே உயிர் தனித்து முடிக்கமுடியாது என்று நூற்றாண்டுக்கு மேலாக எண்ணியிருந்தார்கள். அவ்வெண்ணமும் 2015இல் தகர்ந்தது. அவ்வாறு முடிக்கவல்ல உயிரை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன; அவற்றுள் ஒன்று அதைக் கண்டது மீன் வளர்ப்பிற்கான வடிகட்டியொன்றில்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியை இறந்த மீன்களுக்குப் பதில் புதிய மீன்களை வாங்கச் சொல்லவில்லை. முதலில் நீரை ஆயத்தம் செய்வோம், மீனைப் பலியிட்டு அதைச் செய்யவேண்டியதில்லை என்றார். மீன் தரவேண்டிய அமோனியாவை நாமே தந்தால் போதும். ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவாச்சாரம் அமோனியம் குளோரைட்டே என்று அவர் சொன்னபோது, பிள்ளைகளைவிட எனக்கே மகிழ்ச்சி மிகுந்தது. பழந்தமிழ் மருத்துவ நூல்களில் மட்டும் நான் கண்டிருந்த சொல்லொன்று விஞ்ஞான அறையில் போத்தலுக்குள் வெள்ளையாக நின்றது. ஆய்வுகூடத்துக்குரிய தூய நவாச்சாரத்தில் 6 கிராம் நிறுத்து 1 லீற்றர் நீரிற் கரைத்தார்கள். அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஏறக்குறைய 2 மில்லிகிராம் அமோனியா உண்டு. 60 லீற்றர்த் தொட்டிக்கு 60 மில்லிலீற்றர் ஊற்றினால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவு அமையும். அளவு மிக அதிகமாகிவிட்டால் அந்த உயிர்களுக்கே அது தடையாகிவிடும். உறைக்கு, அட்டனில் மீன் வளர்க்கும் ஒருவரது பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கூழாங்கல் ஈரம் உலராமல் கொண்டுவரப்பட்டது.

மலைநாட்டில் இந்த வேலை சமவெளியைப்போல விரைந்து நடவாது. குடலில் வாழும் பற்றீரியா சாதகமான நிலையில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவையோ, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் அரை நாள் முதல் ஒரு நாள்வரை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு உகந்த வெப்பம் 25 முதல் 30 பாகை. கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பமோ 16 பாகை அளவே. இன்னொன்று: 1 கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க ஏறக்குறைய நாலரைக் கிராம் ஒட்சிசன் வேண்டும். எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையின் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த நீர் ஒட்சிசனைக் கூடுதலாக ஏற்குமாதலால் அக்குறை ஓரளவு ஈடாகிறது. ஆயினும் பம்பியின் குமிழி நின்றால் உயிர்களுக்கு மூச்சு முட்டும்.

மூன்றாவது தடையொன்று நீரிலேயே இருந்தது. எங்கள் பீலித் தண்ணீரில் குளோரீன் இல்லை; அது நன்று. நகரத்துக் குழாய் நீராயின் ஒரு நாள் திறந்து வைக்கவேண்டும், அல்லது ஒளிப்படக்காரர் பயன்படுத்தும் ஹைப்போவில் சிறிது இடவேண்டும். ஆனால் கருங்கல்லினூடே ஊறிவரும் எங்கள் ஊற்றுநீர் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்தது. இந்த நுண்ணுயிர்கள் 1 மில்லிகிராம் அமோனியா நைதரசனை மாற்றும்போது ஏறக்குறைய 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தைத் தீர்த்துவிடுகின்றன, நீர் அமிலமாகிறது, ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அவை தம் வேலையைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நான்காம் வாரத்தில் எங்கள் தொட்டியில் நிகழ்ந்தது இதுவே. அமோனியா குறைவது நின்றுபோயிற்று.

அதற்கு மருந்து தோட்டத்திலேயே கிடைத்தது. அமோனியா உரம் இட்ட தேயிலை மண்ணிலும் இதே உயிர்கள் இதே வேலையைச் செய்து மண்ணைப் புளிக்கவைக்கின்றன. தேயிலை ஓரளவு புளித்த மண்ணை விரும்பும் செடியேயாயினும், புளிப்பு வரம்பு மீறலாகாது. அதற்காகவே கவ்வாத்து வெட்டும் ஆண்டில் மலைக்கு டொலமைற்று இடுகிறார்கள். உர மூட்டை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் புதிதன்று. ஒரு சிறங்கை டொலமைற்றைத் துணியில் முடிந்து வடிகட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். பத்து நாளில் வேலை மறுபடி தொடங்கியது. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் மண் பற்றிய அறிவுரைகளைத் தோட்டத்துச் சுவரொட்டியில் மட்டும் பார்த்திருந்த பிள்ளைகள், அந்த அறிவுரைக்குக் காரணம் இன்னதென்பதைக் கண்ணாடிக்குள் கண்டார்கள்.

பத்தாம் வாரத்தில் ஒரு வேளை ஊற்றிய அமோனியா மறுநாளுக்குள் முற்றாகத் தீர்ந்தது. நைத்திரைற்றும் இல்லை. தொட்டி ஆயத்தமாகிவிட்டது. ஆனால் மீன் வாங்க வைத்திருந்த பணம் பரீட்சைத் தாள் அச்சிடுவதற்குப் போய்விட்டது. எங்கள் பள்ளிகளின் வரவுசெலவை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. மீனில்லாத தொட்டிக்கு மின்சாரம் எதற்கு? பெற்றார் சிலரும் ஆசிரியர் சிலரும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் இது மிகுந்த கண்டிப்புடன் கேட்கப்பட்டது. பம்பி 3 வாட் அளவினது. மாதம் முழுவதும் இரவும் பகலும் ஓடினாலும் 2 அலகுக்குச் சற்றே மிகும் என்று ஆசிரியை கணக்குச் சொன்னார். கணக்கு எடுபடவில்லை. தொகை சிறிதா பெரிதா என்பதல்ல, ஒன்றுமில்லாததற்கு எதற்காகத் தரவேண்டும் என்பதே அவர்களது வாதம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டை அனுபவித்த மக்கள் மின்சாரத்தை எண்ணிச் செலவிடுவதில் தவறும் இல்லை.

அந்தக் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்து நின்ற பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பெரியவர்கள் நடுவே பேசத் தயங்கியபடியே சொன்னாள்: "நம்ம மலையிலயும் கவ்வாத்து வெட்டினா நாலு மாசத்துக்குக் கொழுந்து வராதுங்க. வெறும் குச்சியாத்தான் நிக்கும். அதுக்காக அந்த மலைய யாரும் விட்டுட்டுப் போறதில்லையே, சேர். அப்பத்தானே கூடப் பாக்கிறாங்க."

கூட்டத்திலிருந்தவர்களில் பெரும்பாலோர் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள். இலையெல்லாம் போய்க் குச்சியாக நிற்கும் மலையில் வேர் உயிரோடிருப்பதையும், அந்த மாதங்களிற் செய்யும் வேலையே அடுத்துவரும் ஆண்டுகளின் கொழுந்தைத் தீர்மானிப்பதையும் அவர்களுக்கு எந்த நூலும் சொல்லவேண்டியதில்லை. பம்பி ஓடட்டும் என்று முடிவாயிற்று. விஞ்ஞானக் கணக்கு செய்யாததைத் தொழில் அனுபவம் செய்தது. நம் பாடநூல்கள் பிள்ளைகளின் வீட்டு அறிவைத் தொட்டுச் செல்லுமானால் எத்தனை வாதங்கள் இவ்வளவு எளிதில் தீர்ந்துபோகும்!

ஆயத்தம் செய்வதைவிட ஆயத்தத்தைக் காத்திருப்பது கடினம் என்பதை அதற்குப் பின்வந்த மாதங்களிற் கண்டோம். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை 30 மில்லிலீற்றர் கரைசல், அதாவது லீற்றருக்கு 1 மில்லிகிராம் அமோனியா, அவ்வளவுதான் உணவு. ஒரு வேளை தவறினால் உயிர்கள் உடனே செத்துவிடுவதில்லை. பட்டினியில் பல வாரங்கள்கூட ஒடுங்கிக் கிடந்து, உணவு வந்ததும் மெல்ல எழுந்துவிடும் ஆற்றல் அவற்றுக்குண்டு. அவற்றைக் கொல்வன வேறு. கல் உலர்வது ஒன்று, ஒட்சிசன் நீண்ட நேரம் அற்றுப்போவது இன்னொன்று, குளோரீன் மூன்றாவது. வடிகட்டிப் பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழிந்து வைக்கவேண்டும். மாதமொருமுறை ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். நைத்திரேற்று நிறைந்த பழைய நீர் பள்ளித் தோட்டத்துக் கோவாவுக்கும் லீக்சுக்கும் போயிற்று.

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கியபோது பிள்ளைகள் முறைப்பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். பள்ளிக்கு அருகிலுள்ள லயங்களில் வாழும் ஐந்து பேர் முறைவைத்து வந்து கரைசல் ஊற்றி, நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து ஒப்பமிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் ஒருமுறை மின்சாரம் நின்றது. அன்று முறைக்கு வந்தவன் தம்பியையும் அழைத்துவந்து, மின்சாரம் திரும்பும்வரை செம்பினால் நீரை முகந்து முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கொப்பியில் "கரண்ட் இல்லை. கையால் காற்று அடித்தோம்" என்று எழுதியிருக்கிறது. மீனே இல்லாத ஒரு தொட்டிக்காக இரண்டு சிறுவர்கள் மூன்று மணி நேரம் நீர் ஊற்றியதை வேடிக்கை என்று கருதுவோர் இருக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஆண்டு முழுவதும் மனப்பாடம் செய்தாலும் வாராத ஒரு கல்வி அந்த மூன்று மணி நேரத்தில் வந்தது.

விடுமுறை முடிந்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு குழு பள்ளியைப் பார்வையிட வருவதாக அறிவித்தல் வந்தது. இத்தகைய வருகைகளுக்கு நாம் ஆயத்தமாகும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த காலம் ஒன்றுண்டு. அந்த மரபு பள்ளிக்கூடங்களிலும் வேரூன்றியிருக்கிறது. தொட்டியின் கற்கள் பழுப்பேறி வழுவழுப்பாயிருக்கின்றன, பிளீச்சிங் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஆசிரியை தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "சேர், இந்த வழுவழுப்புத்தான் நம்ம தொட்டி. இதக் கழுவிட்டா மிச்சம் இருக்கிறது கண்ணாடி மட்டுந்தான்" என்றார். உண்மை அதுவே. இந்த உயிர்கள் நீரில் மிதந்து திரிபவையல்ல. கல்லையும் பஞ்சையும் பற்றிப் படலமாக ஒட்டி வாழ்பவை. எது அழுக்கென்று துடைக்கப்படவிருந்ததோ அதுவே ஏழு மாத உழைப்பின் பயன்.

தொட்டியில் ஒட்டுவதற்கு ஓர் அறிவித்தல் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். "இத்தொட்டியில் உயிர்கள் உள்ளன. கழுவ வேண்டாம்" என்று எழுதினேன். அன்று நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பாடம் தொகைநிலைத் தொடர். 'கல்வீடு' என்றால் கல்லாற் கட்டப்பட்ட வீடு. 'ஆல்' என்னும் உருபும் மறைந்துவிட்டது. 'கட்டப்பட்ட' என்னும் சொல்லும் மறைந்துவிட்டது. இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பது இலக்கணம். கல் எஞ்சியது, வீடு எஞ்சியது. கட்டிய வேலையைச் சொல்லும் சொல்தான் தொக்குப்போயிற்று. ஆயினும் அது தொக்கி நிற்கிறதேயன்றி இல்லாமற் போய்விடவில்லை. அதை விரித்துப் படித்தாலொழியத் தொடருக்குப் பொருள் இல்லை. விரித்துப் படிக்கக் கற்பிப்பதே ஆசிரியன் வேலை. அறிவித்தலைக் கண்டபிறகு தொட்டியை எவரும் தொடவில்லை. அம்மாத இறுதியில் நான்கு மீன்கள் விடப்பட்டன. நான்கும் உயிரோடிருந்தன, பின்னர் இன்னும் இரண்டு சேர்ந்தன.

பார்வையிட வந்தவர்களில் ஒருவர் மேடையிற் பேசும்போது இத்தொட்டியைக் குறிப்பிட்டு, "தோட்டத் தொழிலாளரும் இந்தப் பற்றீரியாக்களைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் நாட்டுக்கு உழைக்கிறார்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டதே. ஆனால் அந்த உவமையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனெனில் எங்கள் மக்கள் ஒருபோதும் கண்ணுக்குத் தெரியாதவர்களாயிருந்ததில்லை. காலைப் பிரட்டில் அவர்களுடைய பெயர் கூப்பிடப்பட்டது. அவர்கள் பறித்த கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்பட்டது. முழுப்பேரா அரைப்பேரா என்று செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்டது. இந்நாட்டில் அவர்களைப்போல ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டவர்கள் வேறு எவர்? தராசுக்கு முன்னால் நன்றாகத் தெரிந்தவர்களே சட்டத்துக்கு முன்னால் தெரியாமற் போனார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நாடும் வாக்கும் இழந்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. கண்ணெதிரே நின்ற மனிதரை 'இல்லை' என்று எழுதிவைத்ததற்கு நுண்ணுயிரை உவமை கூறுவது பொருந்தாது.

மேலும், பற்றீரியா எதையும் கேட்பதில்லை. மனிதர் கேட்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்கத் தெரிந்த மக்களைக் கேட்காமல் உழைக்கும் உயிருக்கு ஒப்பிடுவது, பாராட்டுப்போலத் தோன்றினாலும், அவர்களுடைய வாயை மெல்ல மூடுவதாகவே முடியும். தொட்டியிலிருந்து நாம் கற்கவேண்டியது உழைப்பவர்களின் இயல்பையன்று, பார்ப்பவர்களின் பழக்கத்தையே. மீன் தெரிந்தால் செலவு; தெரியாவிட்டால் நிறுத்து. பளபளப்பாயிருந்தால் சுத்தம், வழுவழுப்பாயிருந்தால் அழுக்கு. இந்தப் பழக்கம் ஒரு விஞ்ஞான அறைக்குள் மட்டும் இருந்திருந்தால் ஆறு மீன்களின் கதையோடு முடிந்திருக்கும்.

அது ஒரு நாட்டின் கொள்கையாகவே ஒருமுறை ஆகியிருக்கிறது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்துவதென்று அரசு முடிவு செய்தது. மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இயற்கை உரத்தின்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. மண்ணின் உயிர்களை வளர்த்து அவற்றின் துணையோடு பயிர் செய்வது உயர்ந்த நோக்கம். ஆனால் சாணமும் தழையும் செடிக்கு உணவாகவேண்டுமானால் நுண்ணுயிர்கள் அவற்றை முதலிற் சிதைத்து அமோனியாவாக்க வேண்டும், வேறு நுண்ணுயிர்கள் அதனை மாற்றவேண்டும். அந்த உயிர்த்தொகை பல்லாண்டு உழைப்பினால் பெருகுவது. குளிர்ந்த, புளித்த மலைமண்ணில் அதற்கு இன்னும் நாள் செல்லும். நீர் நிரப்பிய அன்றே மீனை விட்டதுபோல, ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மறுநாளே முழு நாட்டையும் இயற்கை உரத்தில் விட்டார்கள். நவம்பரில் தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்ட 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாகச் சரிந்தது. கொழுந்து குறைந்த மலையில் நாளொன்றுக்குரிய கிலோவை எட்டமுடியாமல் அரைப்பேருடன் வீடு திரும்பியவர்கள் எங்கள் மாணவரின் தாய்மார். முடிவெடுத்தவர்களின் வீட்டு அடுப்பு அதனால் அணைந்திருக்காது.

ஆயத்த காலத்தை ஒப்புக்கொள்ளாத சமூகம் எந்த நல்ல நோக்கத்தையும் இப்படித்தான் கெடுத்துக்கொள்ளும். எங்கள் தோட்டங்களைப் பாருங்கள். பிள்ளைக் காம்பராவில் ஒரு நல்ல பராமரிப்பாளரை அமர்த்தினால் அதன் பயன் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பரீட்சைப் பெறுபேற்றிலே தெரியும். அதுவரை அது வெறும் செலவு. குடிநீர்க் குழாயை ஒழுங்காகப் பேணினால் பயன் என்னவென்றால், நோய் வாராமலிருப்பது. வாராத நோயை எவரும் படமெடுத்துப் பத்திரிகையில் போடமுடியாது. பள்ளி நூலகம் மாணவர் வருகை குறைந்த மாதங்களிலும் திறந்திருக்கவேண்டும். 'ஆளில்லாத அறைக்கு விளக்கு எதற்கு' என்று ஒரு மாதம் மூடினால், அடுத்த மாதம் படிக்க வரவேண்டிய பிள்ளை வாராமலே போய்விடும். கையளிப்பு வைபவத்துக்குப் பணம் கிடைக்கிறது, பெயர்ப்பலகைக்குப் பணம் கிடைக்கிறது. பம்பி ஓடும் 2 அலகுக்குத்தான் கூட்டம் கூட்டி வாதாட வேண்டியிருக்கிறது.

ஆகவே, பொதுப்பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கப்படவேண்டிய கேள்வி, 'இங்கே இப்போது என்ன தெரிகிறது?' என்பதன்று. 'இங்கே எது உயிரோடிருக்கிறது, அது சாகாமலிருக்க நாள்தோறும் என்ன வேண்டும், அதை யார் முறைவைத்துச் செய்கிறார்கள்?' என்பதே. இவற்றுக்கு விடை தெரியாமல் எதையும் வெறுமையென்று தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமையில்லை. கவ்வாத்து மலையைக் காத்துவந்த மக்களுக்கு இந்த விடை பரம்பரையாகத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் அதை விஞ்ஞானத்தின் மொழியிலும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். நாளை அந்தக் கூட்டங்களில் தேநீர் கொண்டுவருபவர்களாக அல்ல, தீர்மானம் எழுதுபவர்களாக அவர்கள் அமரவேண்டும்.